ரிமோட் டெஸ்க்டாப்புக்குக் குரூப் பாலிசி போட்ட கதை: சில ஆண்டு அனுபவம்

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் நாற்பது பேர் வேலை பார்க்கும் அலுவலகம், ஐடிக்கு நான் ஒரே ஆள். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கோவிட் ஊரடங்கான சர்க்கிட் பிரேக்கர் தொடங்கியபோது எல்லோரையும் அவசர அவசரமாக ரிமோட் டெஸ்க்டாப்புக்கு, அதாவது வீட்டிலிருந்தே அலுவலக சர்வரில் வேலை பார்க்கும் வசதிக்கு, மாற்றினேன். அப்போது வேலை நடந்தால் போதும் என்றிருந்தது. குரூப் பாலிசியை, அதாவது எல்லா விண்டோஸ் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து விதிக்கும் அமைப்புகளை, உட்கார்ந்து ஒழுங்காகப் போட்டது அதற்கு அப்புறம்தான்.

முதலில் கைவைத்தது செஷன் நேர வரம்பில். செஷன் என்றால் ஒருவர் உள்ளே வந்ததும் சர்வரில் அவருக்காக ஓடும் டெஸ்க்டாப். நம் ஆட்கள் லாக் ஆஃப் செய்யமாட்டார்கள், மூலையிலுள்ள எக்ஸை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிச் செய்தால் இணைப்புதான் அறுகிறது. செஷன் சர்வரில் மெமரியைத் தின்றுகொண்டு உயிரோடு கிடக்கும். சரி என்று துண்டிக்கப்பட்ட செஷனுக்கு 15 நிமிட வரம்பு வைத்தேன். அதைத் தாண்டினால் சர்வரே மூடிவிடும்.

மறுநாளே கணக்குப் பிரிவு அக்காவிடமிருந்து போன். வீட்டில் வைஃபை போயிருக்கிறது. ரூட்டரை அணைத்துப் போட்டு, பையனுக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்து பார்த்தால், ஜிஎஸ்டிக்காக மதியம் முழுக்கச் சேர்த்த எக்செல் ஷீட்டைக் காணோம். தேடி மீட்டதும் பாதிதான். “தம்பி, நான் ஒன்னும் மூடலையே, யாரு மூடினது?” என்றார். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது 30 நிமிடம் சும்மா இருந்தால் துண்டிப்பு மட்டும், அதற்கு முன் 2 நிமிட எச்சரிக்கை வரும். துண்டித்த செஷன் 3 மணி நேரம் காத்திருக்கும். ‘வரம்பை எட்டியதும் செஷனை முடி’ என்ற அமைப்பை நான் தொடுவதே இல்லை. அதைப் போட்டால் சும்மா இருக்கும் செஷனும் துண்டிப்போடு நிற்காமல் முடிந்தேபோகும். இதே வரம்புகள் குரூப் பாலிசியில் கம்ப்யூட்டருக்கு, யூசருக்கு என இரு பக்கமும் உண்டு, மோதினால் கம்ப்யூட்டர் பக்கம்தான் ஜெயிக்கும். இது தெரியாமல் யூசர் பக்கத்தில் மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு நாளைத் தொலைத்தேன்.

அடுத்து என்எல்ஏ (நெட்வொர்க் லெவல் ஆத்தென்டிகேஷன்) கட்டாயம். அதாவது செஷன் திறக்கும் முன்பே அடையாளச் சோதனை. 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு இதில் விவாதமே இல்லை. ஆனால் ஒரு வில்லங்கம்: புதிதாகச் சேர்ந்தவருக்கு ‘முதல் லாகினில் பாஸ்வேர்டை மாற்று’ என்று டிக் போட்டால், வீட்டிலிருந்து அவர் உள்ளேயே வரமுடியாது. மாற்றும் திரை செஷனுக்குள்தான் இருக்கிறது, செஷனோ திறக்காது. அதனால் முதல் நாள் அலுவலகத்துக்கு வரச்சொல்லி, இங்கேயே மாற்றவைத்து அனுப்புகிறேன். ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறப்பதில்லை, விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாகத்தான் எல்லாம்.

வாடிக்கையாளர் விவரம் வெளியே போகக்கூடாது, தனிநபர் தகவலைக் காக்கும் பிடிபிஏ சட்டம் இருக்கிறதே என்று, வீட்டுக் கணினிக்கும் செஷனுக்கும் இடையே டிரைவ் (கோப்பு மாற்றம்), கிளிப்போர்டு (காப்பி-பேஸ்ட்) இரண்டையும் அடைத்தேன். டிரைவுக்கு யாரும் முணுமுணுக்கவில்லை. கிளிப்போர்டை அடைத்த வாரமே சிலர் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார்கள். நான் அடைத்த ஓட்டையைவிட இது பெரிது! நான் போட்டது கம்ப்யூட்டர் பக்கத்து அமைப்பு, அந்த சர்வருக்கே பொருந்தும். எனவே உண்மையிலேயே காப்பி-பேஸ்ட் தேவைப்படும் நால்வருக்குத் தனி சர்வரில் திறந்துவிட்டேன்.

பாலிசியில் எதை மாற்றினாலும் அது கணினிகளுக்குப் போய்ச்சேர 90 நிமிடமும் அதன்மேல் அரை மணி வரையும் ஆகலாம். அவசரமென்றால் உடனே புதுப்பிக்கும் ஜிபிஅப்டேட் (gpupdate) கட்டளை, அப்புறம் ஜிபிரிசல்ட் (gpresult) அறிக்கையில் எது ஜெயித்தது என்று பார்ப்பேன்.

அக்கா இன்னும் காலாண்டு முடிவில் கூப்பிடுகிறார். “தம்பி, இன்னிக்கு எதையும் மாத்தலையே?”