பி.இ. லைசென்ஸ் தேர்வுக்கு நான் சேர்ந்த ஆன்லைன் வகுப்பு

முதலில் ஒன்று, இது நம் கல்லூரி பி.இ. பட்டம் இல்லை. அமெரிக்காவில் பி.இ. என்றால் புரொஃபஷனல் இன்ஜினியர் லைசென்ஸ், அது இருந்தால்தான் வரைபடத்தில் நம் முத்திரையை வைத்துக் கையெழுத்துப் போட முடியும். அதற்கு முந்தைய அடிப்படைத் தேர்வான எஃப்.இ. பாஸ் பண்ணியாச்சு, பி.இ. ஒருவரின் கீழே 4 வருட அனுபவமும் சேர்ந்தாச்சு. சிவில் வாட்டர் ரிசோர்சஸ் (நீர்வளப் பிரிவு) தேர்வுக்கு ஒரு ஆன்லைன் கோச்சிங்கில் சேர்ந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

கொஸ்டின் பேங்க் அருமை. கால்வாயில் தண்ணீர் ஓடும் வேகத்தைக் கணக்கிடும் மானிங் சமன்பாடு எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும், ஆனால் நான் படித்தது எல்லாம் மீட்டர் கணக்கில். அடிக் கணக்கில் போட்டால் முன்னால் 1.486 என்று ஒரு எண் வரும், அதை விட்டுவிட்டுப் போட்டால் கிடைக்கிற தப்பு விடையும் நான்கு ஆப்ஷன்களில் ஒன்றாக அங்கேயே இருக்கும். முதல் வாரத்தில் மூன்று கணக்கில் இதே இடத்தில் விழுந்தேன். எந்த ஆப்ஷனை எடுத்தாலும் நாம் எங்கே வழுக்கினோம் என்று கீழே விளக்கம் எழுதியிருக்கிறார்கள், அதற்காகவே கட்டிய காசு தகும்.

பாடத்திட்டத்தில்தான் மனசு நொந்துபோனது. 2024 ஏப்ரலிலிருந்து காலையில் பொதுப் பகுதி, மதியம் சிறப்புப் பகுதி என்ற பழைய முறை கிடையாது, நாம் எடுத்த பிரிவைச் சுற்றியே தேர்வு முழுக்க வருகிறது. இவர்களோ பழைய அட்டவணையை அப்படியே வைத்திருந்தார்கள். என் பிரிவில் வராத ஸ்டீல் டிசைன் வீடியோக்களில் எனக்கு இரண்டு வாரம் போய்விட்டது, வேலையும் குழந்தையும் இருக்கிற ஆளுக்கு இரண்டு வாரம் எவ்வளவு பெரிசு! மெயில் போட்டதற்கு "அது விருப்பப் பாடம்" என்று ஒற்றை வரியில் பதில்.

தடிமனான நோட்ஸ் ஃபைல் வாங்கவே வாங்காதீர்கள். பெட்டி நிறைய புத்தகம் தூக்கிக்கொண்டு போன காலம் முடிந்துவிட்டது, 2022 ஜனவரியிலிருந்து சிவில் தேர்வு கம்ப்யூட்டரில்தான். தேர்வை நடத்தும் அமைப்பான என்சிஇஇஎஸ் கொடுக்கும் கையேடும் டிசைன் ஸ்டாண்டர்டுகளும் திரையிலேயே ஒரு பக்கம் இருக்கும், அதில் தேடத் தெரிய வேண்டும். பயிற்சிக்கு அந்தக் கையேடு என்சிஇஇஎஸ் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. "பைப்" என்று தேடினால் எக்கச்சக்கமாக வந்து விழும், "ஹேசன்" என்று போட்டால் நேரே குழாய்ச் சூத்திரத்துக்குப் போய்விடலாம். இந்த வித்தையை வகுப்பில் ஒரே ஒரு ஆசிரியர் காட்டினார், அவர் மூன்று மணி நேரத்தில் சொன்னதுதான் தேர்வில் அதிகம் கைகொடுத்தது.

மாதிரித் தேர்வில் 80 கேள்விக்கு 8 மணி நேரம் என்பது சரி, ஆனால் இடைவேளை இல்லாமல் ஓடுகிறது. நிஜத் தேர்வில் நடுவில் இடைவேளைக்குப் போய்விட்டால் முதல் பாதிக் கேள்விகளுக்குத் திரும்ப முடியாது, அந்தப் பழக்கத்தை நாமேதான் வீட்டில் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஆக, முழுப் பேக்கேஜ் வேண்டாம், கொஸ்டின் பேங்க் மட்டும் தனியாகக் கிடைத்தால் எடுங்கள். அப்புறம், கல்லூரி நாளில் வாங்கிய கேசியோ எஃப்எக்ஸ்-991 கால்குலேட்டர் இருந்தால் பத்திரமாக வையுங்கள், அதற்குத் தேர்வில் அனுமதி உண்டு.