ஓபினெல் 8 கார்பன்: கூரும் உண்டு, துருவும் உண்டு

பிரான்சின் சவோய் பகுதியில் 1890-ல் ஜோசப் ஓபினெல் உருவாக்கிய மடக்குக் கத்தி இது. இன்றும் ஐந்தே பாகங்கள்தான்: அலகு, பீச் மரப்பிடி, அச்சாணி, நிலை வளையம், சுழல் வளையம். அலகைப் பூட்டும் சுழல் வளையம் மட்டும் 1955-ல் வந்து சேர்ந்தது. 8 என்பது அளவு எண்; இதில் அலகின் நீளம் 8.5 செ.மீ.

துருப்பிடிக்காத எஃகிலும் இதே கத்தி கிடைக்கிறது. இருந்தாலும் கார்பன் எஃகு அலகையே வாங்கச் சொல்வேன். சாணைக்கல்லில் வைத்தால் காரணம் புரிந்துவிடும். கல் சட்டென்று பிடிக்கிறது. 1000 கிரிட் (சொரசொரப்பின் அளவு) கல்லில், பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வில், அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகத் தேய்க்கவும். மறுபக்கத்தில் முழு நீளத்துக்கும் மெல்லிய பிசிறு விரலில் தட்டுப்பட்ட பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் நுனிப்பக்கம் மொக்கையாகவே நிற்கும். பிறகு தோல்வாரில் பின்னோக்கி இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும். அலகு மெலிது, ஆப்பிளைப் பிளக்காமல் வழுக்கிக்கொண்டு அறுக்கிறது. இதைக்கொண்டு டப்பா மூடியை நெம்பினால் நுனி ஒடியும்.

எலுமிச்சை, வெங்காயம் பட்டால் அலகு சாம்பலும் நீலமுமாகக் கறுக்கும். அது கேடல்ல, தேய்த்து எடுக்க வேண்டாம். அந்தப் படலம் துருவை ஓரளவு தடுக்கிறது, நறுக்கிய பழத்தில் ஏறும் இரும்பு வாடையையும் குறைக்கிறது. செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு. எண்ணெய் தொட்ட மெல்லிய இரும்புக் கம்பளியால் உடனே எடுத்துவிட வேண்டும்.

உண்மையான குறை மரப்பிடியில் இருக்கிறது. ஈரம் பட்டால் மரம் உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும். நகத்தால் இழுத்தாலும் வராது. வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் பின்முனையை மேசையில் தட்டினால் அலகு வெளியே எட்டிப்பார்க்கும். உடனே உப்புத்தாளைத் தேடாதீர்கள். ஈரத்தில் தேய்த்துவிட்டால், மரம் காய்ந்ததும் அலகு ஆட்டம் கொடுக்கும். நிழலில் நன்றாகக் காயட்டும்; அதன்பிறகும் இறுக்கமாக இருந்தால் மட்டும் பிளவின் உட்பக்கத்தை லேசாகத் தேய்க்கலாம்.

அச்சாணிக்கு உணவுத்தர மினரல் ஆயில் இரண்டு சொட்டு போதும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகி மடிப்பையே ஒட்டிவிடும். கடலோரத்தில் மீன் வெட்டுபவர்களும், ஈரத்தோடு மடித்து வைப்பவர்களும் துருப்பிடிக்காத வகையையே எடுக்கலாம்.