"25,000 பழைய கேம்" டப்பா: நம்ம ஊர்க்காரங்க கவனத்துக்கு

வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புகள்ல கம்ப்யூட்டர்ல மாட்டுற ஒரு கருப்பு சேமிப்பு டப்பா படம் சுத்திக்கிட்டு இருக்கு. "2 டிபி எஸ்எஸ்டி, உள்ளே 25,000 பழைய கம்ப்யூட்டர் கேம், 90ஸ் கிட்ஸ் ஸ்பெஷல், 3,500 ரூபா மட்டும்." நான் வாங்கினேன். நீங்க வாங்காதீங்க. "ஏமாத்திட்டான்"னு ஒரு வரியில சொன்னா, "அவருக்கு ஓட்டத் தெரியலை"ன்னு கடைக்காரர் ஒரே வரியில முடிச்சிருவாரு. எங்கிட்டயே அப்படித்தான் சொன்னாரு. அதனால விவரமாவே எழுதுறேன். புகார் நடந்துக்கிட்டு இருக்கிறதால கடைப் பேரைப் போடலை.

ஆனித் திருவிழாவுக்கு அத்தான்மாரு, மச்சினன்மாரு எல்லாரும் வீட்டுக்கு வருவாங்க. பள்ளிக்கூட நாள்ல முருகன்குறிச்சி பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்கா கெடந்த கூட்டம் அது. டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, ரோடு ராஷ், ஐ.ஜி.ஐ., வைஸ் சிட்டி. தேர் பார்த்துட்டு வந்து ராத்திரி எல்லாரும் சேர்ந்து உட்காரலாம்னுதான் டப்பாவை வாங்கப் போனேன்.

கடையில அவரு கம்ப்யூட்டர்ல போட்டுக் காமிச்சாரு. டேவ் ஓடிச்சு, மரியோ ஓடிச்சு. "அண்ணாச்சி, நீங்க சின்னப்புள்ளையில வெளாண்டது பூராவும் இதுக்குள்ள கெடக்கு. இன்னும் ஒன்றரை டிபி சும்மா கெடக்கு, வீட்டு போட்டோ, வீடியோ எல்லாம் போட்டு வச்சுக்கிடுங்க"ன்னாரு. பில் கேட்டதுக்கு, "பில்லு எதுக்கு அண்ணாச்சி? நாங்க எங்கன ஓடிப்போயிரப் போறோம்?"னு சொல்லி ஒரு விசிட்டிங் கார்டைக் கொடுத்தாரு. பின்பக்கம் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது"ன்னு அச்சடிச்சிருந்துச்சு. ஜீபேயில பணம் அனுப்பிட்டு வந்தேன்.

வீட்ல லேப்டாப்புல மாட்டி டேவைத் தட்டினா, இந்தக் கம்ப்யூட்டர்ல இது ஓடாதுன்னு ஒரு செய்தி. காரணம் எளிசு. டேஞ்சரஸ் டேவ் ஜான் ரொமேரோ 1988-ல ஆப்பிள் கம்ப்யூட்டருக்குச் செஞ்ச ஆட்டம். நாம விளையாடினது 1990-ல வந்த டாஸ் (விண்டோஸுக்கு முந்தின இயங்குதளம்) பதிப்பு. அந்தக் காலத்து 16-பிட் புரோகிராமை இப்போ இருக்கிற 64-பிட் விண்டோஸ் நேரடியா ஓட்டாது. டாஸ்பாக்ஸ்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும். அதுக்குள்ளதான் ஆட்டத்தை ஓட்டணும். வேகம் கூடினா கன்ட்ரோல்-எஃப்11, குறைஞ்சா கன்ட்ரோல்-எஃப்12. கடைக்காரர் கம்ப்யூட்டர்ல அது இருந்துச்சு, ஆட்டம் ஓடிச்சு. டப்பாவுல அதை வைக்கலை. கோப்பை மட்டும் அள்ளிப் போட்டிருக்காரு.

நாங்களே டாஸ்பாக்ஸை இறக்கி ஓட்டினோம். டேவ் ஓடிச்சு. அடுத்து பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. ஜோர்டன் மெக்னர் 1989-ல வெளியிட்டது, ஒரு மணி நேரத்துக்குள்ள இளவரசியை மீட்கணும். முதல் கட்டம் முடிஞ்சதும் சுத்தி எழுத்துகளும் குப்பிகளுமா ஒரு அறை. இன்ன பக்கம், இன்ன வரி, இன்ன சொல்லோட முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடின்னு கேக்கும். பெட்டியோட வந்த கையேடு இருந்தாத்தான் பதில் தெரியும். அந்தக் காலத்துல திருட்டுக் காப்பியைத் தடுக்க வச்ச பூட்டு அது. பிரவுசிங் சென்டர் காப்பியில பூட்டை யாரோ உடைச்சு வச்சிருந்ததால, இப்படி ஒரு அறை இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது! டப்பாவுல கையேடும் இல்லை, உடைச்ச காப்பியும் இல்லை. தப்புக் குப்பியைக் குடிச்சுக் குடிச்சு இளவரசன் செத்துக்கிட்டே இருந்தான். இதை விக்குற ஆளு ஒரு தடவையாவது ரெண்டாம் கட்டம் வரைக்கும் விளையாடிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

இனி 25,000 கணக்கு. டிவி கேம் கேசட்டுல "9999999 இன் 1"னு போட்டிருக்குமே, ஞாபகம் இருக்கா? கொஞ்ச தூரம் இறங்கினா அதே ஆட்டம் வேற பேர்ல, வேற கட்டத்துல ஆரம்பிக்கும். இங்கேயும் அதே வித்தைதான். மரியோ ஒண்ணே பேர் மாத்தி, நிறம் மாத்தி, ஜப்பான் பதிப்பு, ஐரோப்பியப் பதிப்புன்னு பக்கம் பக்கமா நிக்குது. மரியோ வந்த அந்த 8-பிட் நின்டெண்டோ டிவி கேம் பெட்டிக்கு அமெரிக்காவுல அனுமதியோட வந்த ஆட்டங்களே மொத்தம் 700 வாக்குலதான். கோப்பு அளவை வச்சு மச்சினன் அடுக்கிப் பார்த்தான், ஒரே அளவுல வரிசை வரிசையா வந்துச்சு. அதுலயும் நாங்க தேடின கம்ப்யூட்டர் ஆட்டங்கள் ஒரு சின்ன மூலையிலதான்.

வைஸ் சிட்டி, ஐ.ஜி.ஐ. இருந்த ஃபோல்டர்ல "முதலில் படிக்கவும்"னு ஒரு கோப்பு. திறந்தா, "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்." இந்த ஒரு வரியைப் பார்த்தா அங்கேயே வயரைப் பிடுங்கிருங்க. இதுல பாதி உண்மை இருக்கிறதுதான் ஆபத்து. 2000-ஐ ஒட்டி வந்த பல சிடிகள்ல சேஃப்டிஸ்க்னு ஒரு காப்புப் பூட்டு இருக்கும். பாதுகாப்பு ஓட்டைன்னு 2015-ல விண்டோஸ் 10 வந்தப்போ மைக்ரோசாஃப்ட் அதை ஏத்துக்கிறதை நிறுத்திருச்சு. அதனால காசு கொடுத்து வாங்கின ஒரிஜினல் சிடியே இன்னைக்கு ஓடாம நிக்கலாம். அதுக்காகத்தான் பூட்டு உடைச்ச கோப்புகள் உலாவுது. அந்த மாதிரிக் கோப்பை ஒண்ணுமில்லாமலே ஆன்டிவைரஸ் வைரஸ்னு சொல்றதும் உண்டு, நிஜமாவே ஒருத்தன் உள்ள எதையாவது சொருகி வச்சிருக்கிறதும் உண்டு. வெளியில இருந்து பார்த்து ரெண்டையும் பிரிக்க நம்மால முடியாது. பிரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டுகளை அள்ளிட்டுப் போற புரோகிராம்கள் இப்படித்தான் வீட்டுக்குள்ள வருது. எங்க லேப்டாப்புல விண்டோஸோட வர்ற டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் அதை ட்ரோஜன்னு (நல்ல புரோகிராம் மாதிரி வேஷம் போடுறது) சொல்லி ஒதுக்கிருச்சு, நாங்களும் ஓட்டலை. ஓட்டினவங்க இருந்தா வேற ஒரு கருவியில இருந்து பாஸ்வேர்டை எல்லாம் மாத்திருங்க, வங்கியையும் மெயிலையும் முதல்ல.

இதுவரைக்கும் சொன்னது 3,500 ரூபா நஷ்டம். அடுத்தது பணத்துல அடங்காது.

"ஒன்றரை டிபி சும்மா கெடக்கு"ன்னு கடைக்காரர் சொன்னாருல்ல? 2018 தாமிரபரணி புஷ்கரத்துக்கு ஆச்சியைக் குறுக்குத்துறைக்குக் கூட்டிட்டுப் போனப்போ எடுத்த படங்கள், வீடியோ எல்லாத்தையும் அத்தான் அதுல ஏத்தினாரு. அவரு லேப்டாப் ஹார்டு டிஸ்க் ஏற்கெனவே முனகிக்கிட்டு இருந்துச்சு, அதுக்குப் பாதுகாப்பான இடம்னு நினைச்சுத்தான் ஏத்தினாரு. அடுத்த வாரமே ஹார்டு டிஸ்க் போயிருச்சு. டப்பாவைத் திறந்தா எல்லாப் படத்தோட பேரும் இருக்கு, அளவும் சரியா காமிக்குது. படம் மட்டும் திறக்கலை. திறந்த ஒண்ணு ரெண்டும் மேல் கால்வாசி ஆத்துத் தண்ணி, கீழே பூரா சாம்பல் நிறம்.

மச்சினன் டப்பாவை நெம்பித் திறந்தான். உள்ள எஸ்எஸ்டி இல்லை. ஒரு சின்ன யுஎஸ்பி பலகை, அதுல பசை வச்சு ஒட்டின 64 ஜிபி மெமரி கார்டு, கனத்துக்கு ஒரு இரும்புத் துண்டு. பலகையில இருக்கிற சிப்பு கம்ப்யூட்டர்கிட்ட "நான் 2 டிபி"ன்னு பொய் சொல்லும்படி மாத்தப்பட்டிருக்கு. கார்டுல உண்மையான இடம் தீர்ந்த பிறகு நாம ஏத்துறது எங்கேயும் பதியாது, இல்லைன்னா முன்னாடி இருந்ததுக்கு மேலேயே பதிஞ்சு அதையும் கெடுக்கும். பட்டியல்ல பேர் மட்டும் நிக்கும். பதியாத படத்தை எந்த ரெக்கவரி கடைக்காரரும் எடுத்துத் தர முடியாது. "எடுத்துத் தாரேன்"னு ஒருத்தர் அட்வான்ஸ் கேட்டாரு, அது வேற கதை. சொந்தக்காரங்க வாட்ஸ்அப்ல இருந்து சிலதை மட்டும் திரும்ப வாங்கினோம், சுருங்கிப் போன அளவுல.

பென்டிரைவோ மெமரி கார்டோ எஸ்எஸ்டியோ, எது வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு, அதை ஓட்டுங்க. லினக்ஸ்காரங்களுக்கு எஃப்3. இடம் முழுக்க எழுதிட்டு, எழுதினதைத் திரும்பப் படிச்சுப் பார்க்கும். பெரிய டிரைவுன்னா மணிக்கணக்கா ஆகும், ராத்திரி போட்டுட்டுப் படுத்துருங்க. காலியான டிரைவுலதான் செய்யணும். எங்க டப்பா 64 ஜிபிக்குக் கொஞ்சம் முன்னாடியே இந்தச் சோதனையில தோத்துருச்சு.

திரும்பக் கொண்டு போய்க் காமிச்சப்போ, "டப்பாவைத் திறந்துட்டீங்க, வாரண்டி போச்சு அண்ணாச்சி"ன்னாரு. வாரண்டின்னு எதையும் அவரு கொடுக்கவே இல்லைங்கிறது தனி. விசிட்டிங் கார்டைத் திருப்பிக் காமிச்சு "போட்டிருக்கோம்ல"ன்னாரு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் கொடுக்க மறுக்கிறது நேர்மையற்ற வணிக முறை. பில்லுல காலக்கெடு எதுவும் சொல்லலைன்னா 30 நாளைக்குள்ள செஞ்சாகணும். பில் கொடுக்காததும் அதே சட்டத்துல தப்புதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணிப் புகார் பதிஞ்சிருக்கேன். சரிவரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபா வரைக்கும் பொருளுக்குக் கொடுத்த விலைன்னா மனுவுக்குக் கட்டணமே கிடையாது. புகார் பதிஞ்ச பிறகு அவரே கூப்பிட்டு "பாதிப் பணம் தாரேன், முடிச்சுக்கிடுவோம்"னாரு. ஒத்துக்கலை.

விளையாட ஆசைப்படுறவங்களுக்கு: இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்துல 2015-ல இருந்து ஆயிரக்கணக்கான டாஸ் ஆட்டங்கள் பிரவுசர்லயே ஓடுது, எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். டூமோட முதல் பாகம் 1993-ல வந்தப்பவே இலவசம்தான். ஜிஓஜி தளத்துல பழைய ஆட்டங்களை இப்போதைய விண்டோஸ்ல ஓடும்படி சரிபண்ணி விக்குறாங்க, தள்ளுபடி நாள்ல சல்லிசா கிடைக்கும். தேர் அன்னைக்கு ராத்திரி நாங்க கடைசியில விளையாடினது அந்த ஆர்க்கைவ் தளத்துலதான். எங்க யாருக்கும் இப்போ டேவோட மூணாவது கட்டத்தைத் தாண்ட முடியலை. அத்தான் மகள் தாண்டிட்டா.

இதே டப்பாவை வாங்கினவங்க யாராவது இருந்தா டிரைவை அழிக்காம வைங்க, பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டையும் கடைக்காரர் போட்ட விளம்பரப் படத்தையும் எடுத்து வைங்க. எனக்குத் தனியா மெசேஜ் அனுப்புங்க, புகார் எண் தாரேன். போன வாரம் அவரு ஸ்டேட்டஸ்ல அதே டப்பா 4,200 ரூபாய்க்கு வந்திருக்கு, இப்போ 50,000 கேமாம்.