கூரை விரிப்புக்கு வெப்பப் பகுப்பாய்வு: எந்தச் சோதனை காசுக்குத் தகும்?

கூரையில் நீர் புகாமல் தடுக்கும் பழைய பாலிமர் விரிப்பின் நிலையறிய டிஜிஏ (சூடேற்றி எடையிழப்பை அளப்பது), டிஎம்ஏ (அதிர்வு கொடுத்து விறைப்பை அளப்பது) இரண்டும் போதும். டிஎஸ்சி (சூடேறும்போது வெப்ப ஓட்டத்தை அளப்பது), பிவிசி பிளாஸ்டிக் விரிப்புக்குச் சுமார்தான்; பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை வளையவைக்கும் சேர்மம்) கலந்ததில் கண்ணாடி நிலைமாற்றம் (விறைப்பாக இருப்பது சூட்டில் இளகும் கட்டம்) அகலமாகப் பரவி மங்கிவிடும்.

டிஜிஏவுக்கு 10 மில்லிகிராம் மாதிரி, நைட்ரஜனில் நிமிடத்துக்கு 10 டிகிரி செல்சியஸ் வீதம் சூடேற்றுவது சரியாக வரும். ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் விரிப்பில் முதலில் அதில் கலந்த எண்ணெய் போகும். 400–500 டிகிரியில் ரப்பர் சிதையும். 600-ல் காற்றுக்கு மாற்றினால் கார்பன் பிளாக் (ரப்பரில் கலந்த கரித்தூள்) எரிந்து கனிம நிரப்பி மிஞ்சும். பிவிசிதான் தலைவலி. பிளாஸ்டிசைசர் ஆவியாவதும் ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறுவதும் ஒன்றின்மேல் ஒன்று விழும். மொத்த எடையிழப்பையும் பிளாஸ்டிசைசர் கணக்கில் எழுதும் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நடுவிலுள்ள பாலியெஸ்டர் வலை இழை ஒட்டி வந்தாலே கணக்கு கெடும். வெயில்பட்ட மேற்பரப்பையும் அடிப்பக்கத்தையும் தனித்தனியே சீவுங்கள்.

டிஎம்ஏ அறிக்கையில் அதிர்வெண் எவ்வளவு, கண்ணாடி நிலைமாற்றத்தைக் குறித்தது இழப்பு மாடுலஸ் (அதிர்வில் வெப்பமாக வீணாகும் ஆற்றலின் அளவு) உச்சியிலா, டான் டெல்டா (அதற்கும் மீளும் விறைப்புக்கும் உள்ள விகிதம்) உச்சியிலா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பல டிகிரி வித்தியாசம் வரும்.