கிளார்க், சுஜாதா, வஜ்ர: எதை முதலில் கொடுப்பது?

ஞாயிறு பின்னேரங்களில் திருகோணமலையின் டச்சு வளைகுடாக் கடற்கரையில் கூடுகிற நாங்கள் ஐந்து பேர். வாசகர் வட்டம் என்று சொன்னால் எங்களுக்கே சிரிப்பு வரும். கச்சான் வாங்கிக்கொண்டு மணலில் இருந்து கதைப்பதுதான் வேலை. விஞ்ஞானப் புனைவு, மாயக்கதை என்றால் மட்டும் ஐவரும் ஒரே கட்சி. போன மாதம் எங்களில் ஒருவரான தாதி அக்கா தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிற பொடியன். "இந்த மாதிரிக் கதை ஒன்றும் வாசித்ததில்லை. முதலில் எதை வாசிக்க?" என்று கேட்டான். அவ்வளவுதான், பிடித்தது சண்டை.

எங்கள் கைகளில் இப்போது சுற்றுவது மூன்று புத்தகங்கள். ஆர்தர் சி. கிளார்க்கின் 'த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்', சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', வஜ்ர சந்திரசேகரவின் 'த செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்'. முதலும் கடைசியும் ஆங்கிலம். இரண்டு இலங்கையில் இருந்து எழுதப்பட்டவை, ஒன்று நம் மொழியில் எழுதப்பட்டது. இந்தக் கணக்கே சண்டைக்குப் போதும்.

கிளார்க்குக்காக வாதாடியவர் கணித சேர். அவருடைய முதல் வாதமே ஊர்ப்பாசம். கிளார்க் 1956இல் இந்தத் தீவுக்கு வந்தார், அந்த ஆண்டே நம் சுவாமி மலையடியில் கடலுக்குள் இறங்கினார், போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோணேசர் கோயிலின் கற்களைப் பார்த்தார். நமக்காகக் கடலில் குதித்தவரை வாசிக்காமல் யாரை வாசிப்பது? சேரின் வாதத்தில் நியாயம் இருக்கிறதோ இல்லையோ, கேட்க நன்றாக இருக்கிறது.

நாவல் 1979இல் வந்தது, விஞ்ஞானப் புனைவின் பெரிய விருதுகளான ஹியூகோ, நெபியூலா இரண்டையும் வாங்கியது. பூமியில் இருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட் கட்டுகிற பொறியியலாளனின் கதை. 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு ஒரே வேகத்தில் சுற்றுகிற இடத்தில் இருந்து ஒரு கம்பியை இறக்கிப் பூமியில் கட்டினால் ராக்கெட்டே வேண்டாம். அந்தக் கம்பியைக் கட்ட உகந்த இடம் பூமத்திய ரேகை. இலங்கையோ அதற்கு வடக்கே இருக்கிறது. கிளார்க் என்ன செய்தார்? தீவுக்குத் தப்ரபேன் என்று பெயர் வைத்து, 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவிட்டார். சிவனொளிபாத மலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கிக்கொண்டார். கதை எழுதுகிறவனுக்குக் கிடைத்த சலுகை! சிகிரியா அரசனின் கதையை அந்தப் பொறியியலாளனின் கதையோடு முறுக்கிவிட்ட விதம் இன்றைக்கும் அழகு.

ஆனால் எனக்கு ஒரு குறை. இருநூறு பக்கம் வாசித்தும் அந்தத் தீவில் எனக்குத் தெரிந்த ஒரு முகத்தையும் காணவில்லை. சந்தையில் விலை கேட்கிற ஆள் இல்லை, பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் இல்லை. மலை இருக்கிறது, துறவிகள் இருக்கிறார்கள், பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். சேரிடம் சொன்னேன். "கணக்கு சரியாக இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கிளார்க்குக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அந்த நாவலில் ஒரு தீர்க்கதரிசனம் வருகிறது: மன்னனின் பொன்வண்ணப் பட்டாம்பூச்சிகள் மலையுச்சிக்கு வந்து சேர்ந்தால் துறவிகள் மலையை விட்டு இறங்க வேண்டும். இதை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது பிரட்ரிக் கோட்டை வாசல். அங்கே மீன் பொறித்த கல்லில், குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டிய கோயிலைப் பின்னாளில் பறங்கி பிரிப்பான் என்று பாட்டு இருக்கிறது. இராவணன் வெட்டையும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு மாயக்கதையை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சுஜாதாவுக்கு வருகிறேன். அவருடைய நாவல் 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஜீவா என்கிற சர்வாதிகாரியின் ஆட்சியில் இருக்கிறது இந்தியா. குழந்தை பெறவும் அரசு அனுமதி வேண்டும். நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான், அவனைத் தேடுகிற நிலாவுக்குத் துணையாக வருவது ஜீனோ என்கிற இயந்திர நாய். நிலா, சிபி, ரவி, ஜீனோ, ஜீவா. எல்லாப் பெயரும் இரண்டெழுத்து. பெயரைக்கூட அளந்து வைத்த ஆட்சி. கிளார்க்கிடம் இல்லாத எல்லாம் இங்கே இருக்கிறது: பேச்சு, நக்கல், வேகம். தாதி அக்கா இதை இரவுப் பணியில் இரண்டே இரவுகளில் முடித்தாராம். ஜீனோ புத்தகம் வாசிக்கிற இடங்களில் தான் வாய்விட்டுச் சிரித்ததில் வாட்டில் ஒரு நோயாளி எழும்பிவிட்டார் என்றும் சொன்னார்.

குறை? இருக்கிறது. தொடர்கதைக்கே உரிய வாராவார இழுப்பு புத்தகமாகப் படிக்கும்போது தெரிகிறது. ஜீனோ வந்த பிறகு மனிதர்கள் எல்லோரும் அதற்குக் கேள்வி எடுத்துக்கொடுக்க வந்தவர்கள் போல் ஆகிவிடுகிறார்கள். நிலா உட்பட. (சுஜாதாவும் கிளார்க்கும் 2008இல் மூன்றே வார இடைவெளியில் மறைந்தார்கள், பெப்ரவரி 27, மார்ச் 19. இதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது. ஆனாலும் நான் யாரிடமாவது சொல்லாமல் இருந்ததில்லை.)

மூன்றாவதுதான் என் கட்சி. வஜ்ர சந்திரசேகர கொழும்புக்காரர். இது அவருடைய முதல் நாவல், 2023இல் வந்து அந்த ஆண்டின் சிறந்த நாவலுக்கான நெபியூலாவை வாங்கியது. ஃபெட்டர் என்று ஒரு இளைஞன். பிறந்தவுடன் தாய் அவன் நிழலைப் பிய்த்தெடுக்கிறாள், தகப்பனைக் கொல்வதற்கென்றே வளர்க்கிறாள். தகப்பனோ ஊரே கும்பிடுகிற ஞானி. ஃபெட்டர் என்றால் தளை. புத்தரின் மகன் ராகுலனின் பெயருக்கும் அதுதான் பொருள் என்று சொன்னால் கதை எங்கே போய் இடிக்கிறது என்று விளங்கும். அவன் தப்பிப் போய்ச் சேர்கிற நகரத்தில் திறக்கவே முடியாத, பின்பக்கமே இல்லாத கதவுகள் இருக்கின்றன. அதே நகரத்தில் கைத்தொலைபேசியும் இருக்கிறது, படிவங்களும் இருக்கின்றன.

அந்தப் படிவங்கள்தான் என்னைப் பிடித்தன. யார் எந்த இனம், எந்தச் சாதி, யார் எந்த வரிசை என்று பிரித்துப் பிரித்து எழுதுகிற அதிகாரிகள். கொள்ளைநோய் என்று சொல்லி அடைக்கிற முகாம்கள். ஒரு பக்கம் பேய்கள் திரிகின்றன, மறுபக்கம் ஆட்கள் கடிதத்துக்காக வரிசையில் நிற்கிறார்கள். ஒருமுறை விதானையாரின் கடிதத்தோடு ஒரு கந்தோருக்குப் போய், அதில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று மூன்று நாள் அலைந்திருக்கிறேன். சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி அடையாள அட்டையை நீட்டி வளர்ந்த தலைமுறை நாங்கள். சுஜாதாவின் ஜீவா ஆட்சி எனக்குப் பயங்கரமான கற்பனை. ஃபெட்டரின் நகரத்தில் எனக்குப் பாதி வீதிகள் தெரியும்.

ஆனால் கடினம். அதை மறைக்க மாட்டேன். ஆங்கிலம் கடினம், கதை நடுவில் தடம் மாறி முகாமுக்குள் போய் வெகுநேரம் அலைகிறது. எங்கள் ஐவரில் வங்கிக்காரர்கள் இருவரும் அந்த இடத்தில்தான் மூடிவைத்தார்கள். அவர்களில் ஒருவர் இப்போது தன் மகளோடு சேர்ந்து டிராகன் கல்லூரிக் கதை வாசிக்கிறார்: 'ஃபோர்த் விங்'. போர்க்கல்லூரி, டிராகன், காதல். அதையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கச் சொன்னார். மகள் அதன் மூன்றாம் பாகத்தையும் தொலைபேசியிலேயே முடித்துவிட்டாள் என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, பொடியனுக்கு என்ன? ஐந்து பேரும் வாக்குப் போட்டோம். சேர் கிளார்க்குக்கு, நான் வஜ்ரவுக்கு, மற்ற மூவரும் சுஜாதாவுக்கு. எனக்கு வருத்தமில்லை. நானே தனியாக முடிவெடுத்திருந்தாலும் முதல் புத்தகமாக ஜீனோவைத்தான் கொடுத்திருப்பேன். இருபது பக்கத்தில் கைவிடுகிற புத்தகத்தைப் பொடியனிடம் கொடுத்து அவனை இழக்க எனக்கு மனமில்லை. கணக்கில் ஆர்வம் வந்தால் அடுத்து சேரின் வீட்டுக்குப் போகட்டும். என் புத்தகத்துக்கு அவனுக்கு இன்னும் மூன்று நான்கு வருடம் வேண்டும், அதற்குள் அவனும் இரண்டு கந்தோர்களில் ஏறி இறங்கியிருப்பான்.

போன ஞாயிறு வந்தான். பாதி முடித்துவிட்டானாம். "அண்ணா, இந்த நாய்க்கு ஏதாவது ஆகுமா? அதை மட்டும் சொல்லுங்க" என்றான். நாங்கள் ஐந்து பேரும் கச்சான் உரித்துக்கொண்டு கடலைப் பார்த்தோம்.