ஐந்து எச்.எஸ்.எஸ். டூல் பிட்டுகளும் ஒரு குத்துவிளக்கும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் என் வீட்டுக் கராஜில் ஒரு சிறிய லேத் இருக்கிறது; உலோகத்தைச் சுழற்றிச் சீவும் கடைசல் இயந்திரம். இரண்டு பேர் பிடித்தால் மேசைமேல் ஏற்றிவிடலாம். அதற்காக டர்பனில் ஒரு கருவிக் கடையில் 8 மி.மீ. சதுர எச்.எஸ்.எஸ். (சூட்டிலும் கடினம் குறையாத அதிவேக எஃகு) டூல் பிட்டுகள் ஐந்து வாங்கினேன். டூல் பிட் என்பது சாணைக்கல்லில் நாமே தேய்த்து முனை வைத்துக்கொள்ளும் வெட்டுக் கோல். நான்கு எம் 2 வகை. ஒன்று 8 விழுக்காடு கோபால்ட் கலந்த எம் 42. நான்கு மாதங்களாக இவற்றைக் கொண்டுதான் கடைகிறேன். தயங்காமல் வாங்கலாம். எம் 2 மட்டும் போதும்.

இதற்கு முன் இணையத்தில் வாங்கிய ஒரு செட் என்னை ஏமாற்றியது. பெட்டியில் எச்.எஸ்.எஸ். என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். சாணைக்கல்லில் வைத்ததும் மத்தாப்பூப் போல வெளிர் மஞ்சள் பொறிகள் வெடித்துச் சிதறின. அது வெறும் கார்பன் எஃகு. டங்ஸ்டனும் மாலிப்டினமும் கலந்த அசல் எச்.எஸ்.எஸ். மங்கிய சிவப்பில், கொஞ்சமாகத்தான் பொறி விடும். அந்தச் செட் சூட்டில் முனை நீலம் பாய்ந்ததுமே மழுங்கிப்போனது. காசு போனதுகூடப் பெரிதில்லை. புதிதாகக் கற்கும் பிள்ளைகள் இதை வாங்கிவிட்டு, தங்கள் கைதான் சரியில்லை என்று லேத்தையே மூடி வைத்துவிடுவார்களே! இப்போது வாங்கிய ஐந்தும் சிவப்புப் பொறிதான் விட்டன.

சர்க்கரை ஆலைப் பட்டறையில் பிட்டராக இருந்த அப்பாதான் எனக்குச் சாணை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். "பொறியைப் பார்க்காதே தம்பி, ஓரத்தைப் பார்" என்பார். முதலில் பக்கவாட்டில் 10 பாகைச் சரிவு, அடுத்து முன்பக்கத்தில் அதே அளவு. இந்த இரண்டும் இல்லாவிட்டால் டூல் வெட்டாது, உரசும். கடைசியாகச் சீவல் ஏறி வழியும் மேற்சரிவு. சாதாரண இரும்புக்கு 12 பாகை வைக்கிறேன். முனையை எண்ணெய்க்கல்லில் மெல்ல உருட்டிவிட்டால் கடைந்த பரப்பு பளபளக்கும். எம் 2 சற்று நீலமானாலும் பயமில்லை, 500 பாகை செல்சியஸ் வரை கடினம் குறையாது. ஆனால் எம் 42 நன்றாகச் சூடேறியிருக்கும்போது சட்டென்று தண்ணீரில் முக்கக் கூடாது. மயிரிழை விரிசல் விடும். அதைத் தேய்க்க நேரமும் அதிகம் பிடிக்கிறது. துருப்பிடிக்காத எஃகு கடைபவர்களுக்கு மட்டுமே அதைச் சொல்வேன்.

எச்.எஸ்.எஸ்.ஸைவிடக் கடினமான கார்பைட் முனை ஏன் வேண்டாம் என்று கேட்பார்கள். 20 மி.மீ. இரும்புத் தண்டை எச்.எஸ்.எஸ். டூலால் கடைய நிமிடத்துக்கு 480 சுற்று போதும். கார்பைட் அதைப்போல மூன்று மடங்கு வேகமும், அதிராத கனத்த லேத்தும் கேட்கும். என் லேத்தில் அதன் முனை பொடிந்ததுதான் மிச்சம்.

எச்.எஸ்.எஸ்.ஸின் உண்மையான பெருமையை எங்கள் குத்துவிளக்கில்தான் கண்டேன். பாட்டி காலத்து விளக்கு. தண்டை அடிப்பாகத்தோடு இணைக்கும் புரி தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பழைய புரி என்னிடமிருந்த அளவி எதற்கும் பொருந்தவில்லை. ஒரு எம் 2 பிட்டை எடுத்து, அந்தப் புரியின் பள்ளத்தில் வைத்து, வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து அதே கோணத்துக்குத் தேய்த்தேன். பித்தளை என்பதால் மேற்சரிவே வைக்கவில்லை. வைத்தால் டூலை உள்ளே இழுத்துவிடும். ஒரு மாலை முழுவதும் ஆனது. புதிய இணைப்பு இறுக்கமாக அமர்ந்தது, மனைவி அன்றைக்கே விளக்கேற்றினாள். கடையில் தயாராக விற்கும் எந்த முனையும் அந்தப் புரியை வெட்டியிருக்காது.

ஒரு குறை உண்டு. சிறு துளைகளின் உட்புறம் கடைய 8 மி.மீ. தடிமன் இடம் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் அதே கடையில் 6 மி.மீ. எம் 2 இரண்டு வாங்கப் போகிறேன்.