நீட் தேர்வுக்கு என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் நூல்கள்

நீட்டின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. அதற்கு 11, 12ஆம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. (மத்திய அரசின் பாடநூல் நிறுவனம்) நூல்கள்தான் அடித்தளம். வரி விடாமல் படியுங்கள். படக்குறிப்பு, அட்டவணை, பாடச் சுருக்கம் எதையும் தாண்டாதீர்கள். பொருத்துக வகைக் கேள்விகள் அங்கிருந்தும் வரும்.

பழைய புத்தகக் கடையில் வாங்கினால் முதலில் பொருளடக்கத்தைப் பாருங்கள். பாடங்கள் குறைக்கப்பட்ட புதிய பதிப்பில் 11ஆம் வகுப்புக்கு 19, 12ஆம் வகுப்புக்கு 13 பாடங்கள். முந்தையதில் 22, 16. செரிமானம், கனிம ஊட்டம் போன்ற நீக்கிய பாடங்களில் நாட்கள் வீணாகும்.

இந்நூல்களின் பெரிய குறை, தேர்வுக்கேற்ற பயிற்சி இல்லாததுதான். பாட இறுதி வினாக்களில் பெரும்பாலானவை விரித்து எழுதும் வகை. முந்தைய வினாத்தாள்களை ஓ.எம்.ஆர். தாளில் (விடை வட்டத்தை நிரப்பும் தாள்) போட்டுப் பழகாமல் வேகம் வராது. உயிரியலின் 90 கேள்விகளை 50 நிமிடத்துக்குள் முடித்தால்தான் இயற்பியல் கணக்குக்கு நேரம் மிஞ்சும். தமிழ்வழி மாணவர்கள் மாநிலப் பாடநூலின் கலைச்சொல்லை ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வினாவே இறுதி.